பாடம் ஏழு: முடிக்காதவர்கள் எட்டுப் பேர்

2094 பிப்ரவரி 3, 08:20
நிலவின் தென்முனை. நீலப்பள்ளம் பனிச் சுரங்கம்.
காற்று இருப்பு 16 நாள். ஆள் ஒருவர்.

பதிவு செய்பவர் ஜெபக்கனி, பயிற்சி வடிவமைப்புப் பிரிவு, சென்னை அலுவலகம். நேற்று மாலை வந்து இறங்கினேன். சுரங்கம் மூடப்பட்டு அறுபத்தொரு நாள் ஆகிறது. வேலையாட்கள் அனைவரும் பூமிக்குத் திருப்பி அனுப்பப்பட்டுவிட்டார்கள். காற்று இயந்திரங்கள் ஓர் ஆளுக்கு மட்டும் ஓடுகின்றன.

வந்த வேலை இது. டிசம்பர் 4 அன்று இந்தச் சுரங்கத்தின் தெற்குப் பாதையில் காற்றுக் குழாய் உடைந்து எட்டுப் பேர் இறந்தார்கள். ஒருவர் பிழைத்தார். ஒன்பது பேருமே என் பிரிவு தயாரித்த இணையவழிப் பாதுகாப்புப் பயிற்சியில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள். அப்படியிருந்தும் அவர்கள் ஏன் வெளியேறவில்லை என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். 14ஆம் தேதி ஆளில்லாக் கப்பல் வந்து என்னை ஏற்றிக்கொள்ளும்.

பயிற்சி அறையில் மேசை போட்டிருக்கிறேன். அறை சுத்தமாக இருக்கிறது. சுவரில் பதினொரு மொழிகளில் வணக்கம்.

பிப்ரவரி 3, 14:05

வேலைமுறை மாறும் நேரத்துக்கு ஒலிபெருக்கி தானாகப் பேசியது. தட்டு கையிலிருந்து விழுந்துவிட்டது.

குரல் என்னுடையது.

மொழி எத்தியோப்பியாவின் அம்ஹாரிக். எனக்கு அந்த மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. பாடங்களைத் தமிழில் நான்தான் படித்துப் பதிவு செய்தேன். மற்ற பத்து மொழிகளுக்கும் இயந்திரம் அதே குரலை வைத்து உச்சரித்துக்கொண்டது. 'அந்நியக் குரலுக்குப் பதில் ஒரே அக்காவின் குரல்' என்று கூட்டத்தில் நானே விளக்கினேன். கைதட்டினார்கள்.

அடுத்து நேபாளியில் வந்தது. அடுத்து வியட்நாமியம். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் மட்டும் புரிந்தது. டெஸ்ஃபாயே. பெம்பா. துவான். எட்டுப் பெயர்.

திரையில் தமிழாக்கத்தைப் போட்டுப் பார்த்தேன். "அன்புள்ள பெம்பா, பாடம் ஏழு இன்னும் முடியவில்லை. உங்களுக்காகக் காத்திருக்கிறது."

பிப்ரவரி 5, 09:40
காற்று 14 நாள்.

பயிற்சிப் பதிவேட்டைத் திறந்தேன். பாடம் ஏழு, அவசர வெளியேற்றம். எட்டுப் பெயர்களுக்கு எதிரே 'நடப்பில் உள்ளது' என்று இருக்கிறது. பாடத்தில் செலவிட்ட நேரம்: 63 நாள், 2 மணி, 11 நிமிடம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே 12 நிமிடம் ஆயிற்று.

அவர்களை யாரும் பாடத்திலிருந்து வெளியே எடுக்கவில்லை.

பெயர்களை நீக்க அனுமதி கேட்டுச் சென்னைக்குச் செய்தி அனுப்பினேன். எங்கள் பிரிவின் தலைவர் வாசவி மேடம் பதில் சொன்னார்.

"ஜெபா, அது சாட்சியம். விசாரணை முடியுற வரைக்கும் தொடாதே. கூப்பிடுற சத்தம் தொந்தரவா இருந்தா காதுல பஞ்சு வச்சுக்கோ. வேற என்ன சொல்றது, எனக்கும்தான் கஷ்டமா இருக்கு."

ஒலிபெருக்கிகளை அடைக்க இங்கே பொத்தான் இல்லை. ஆட்கள் அடைத்துவிடுவார்கள் என்று வைக்கவில்லை. அதுவும் என் யோசனை.

பிப்ரவரி 6, 11:15

பூட்டைப் பற்றி எழுத வேண்டும். இதைப் படிப்பவருக்கு அது தெரியாமல் எதுவும் விளங்காது.

நான்கு வருடம் முன்பு வேறொரு சுரங்கத்தில் ஒருவர் தவறான கதவைத் திறந்து மூன்று பேர் இறந்தார்கள். அவர் நண்பரைப் பார்த்து எழுதித் தேர்வில் தேறியவர் என்று பிறகு தெரிந்தது. பதினொரு மொழிக்காரர்கள், ஒருவருக்கொருவர் விடை சொல்லித் தேறிவிடுகிறார்கள் என்பதே அப்போது எங்கள் பெரிய தலைவலி. அதனால் இரண்டு மாற்றம் செய்தேன்.

ஒன்று: அபாயச் சங்கு ஒலித்ததும் தலைக்கவசக் கண்ணாடியில் பாடம் ஏழின் மூன்று கேள்விகள் வரும். சரியாக விடை அழுத்தியவருக்கு மட்டும் பாதுகாப்பு அறையின் கதவு திறக்கும். அவர் நுழைந்ததும் மூடும்.

இரண்டு: விடை சொல்லும்போது பக்கத்தில் வேறு குரல் கேட்டால் தேர்வு முதலிலிருந்து தொடங்கும்.

தெரிந்தவருக்கு முப்பது வினாடி. எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் இருபத்தைந்தில் முடித்தோம். அந்த வருடம் எனக்கு விருது கொடுத்தார்கள். மேடையில் பொன்னிறச் சால்வை.

டிசம்பர் 4க்கான பதிவில் ஒரு வரி: முறைகேடு, பதினேழு முறை. வகை: பிறர் உதவி.

நிறுவனத்தின் முதல் அறிக்கை இந்த வரியோடு நிற்கிறது. பணியாளர்கள் விதியை மீறினார்கள், அதனால் தாமதம், அதனால் மரணம். நானும் அப்படித்தான் முடிப்பேன் என்று நினைத்து அனுப்பியிருக்கிறார்கள். வரும்போது நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிப்ரவரி 7, 16:30

பிழைத்தவர் பெயர் பூவலிங்கம். முதுகுளத்தூர்ப் பக்கம். வயது ஐம்பத்தொன்று. பதின்மூன்று வருடம் வளைகுடாவில் குழாய் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். மதுரையில் மருத்துவமனையில் இருக்கிறார். இணைப்புக் கிடைத்தது. அன்று நடந்ததைச் சொல்லச் சொன்னேன். சொல்லவில்லை. பாடத்தைப் பற்றி மட்டும் பேசினார்.

"அந்தப் பாடத்துல இருக்கது எங்க தமிழ் இல்ல மேடம். 'அழுத்தச் சமநிலையை உறுதிசெய்த பின் இடப்புற வாயிலைத் தெரிவு செய்க'ன்னா, மூச்சு முட்டிக்கிட்டு நிக்கிறவனுக்கு என்ன வெளங்கும்? எனக்காச்சும் பரவாயில்ல. டெஸ்ஃபாயேக்கு நீங்க குடுத்தது அவன் பாசையே இல்ல. அவன் ஊருல பேசுறது ஓரோமோ. பள்ளிக்கூடத்துல அடிச்சு வச்ச பாசையில கேள்வி வந்தா அவன் கை நடுங்கும்."

அப்படியானால் வேலையில் எப்படிப் பேசிக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

"கையாலதான். மூக்கைத் தொட்டா காத்து. தோள்ல ரெண்டு தட்டு தட்டுனா எடப்பக்கம். ஒரு தட்டு வலப்பக்கம். நெஞ்சுல கை வச்சா, நான் இருக்கேன் நீ போன்னு அர்த்தம். யாரும் சொல்லிக் குடுக்கல, அதுவா வந்துச்சு. புதுசா வர்றவன் ரெண்டு நாள்ல கத்துக்குவான். நீங்க ஒருக்கா வந்து கேட்டிருந்தா காட்டியிருப்போம்."

நான் வரவில்லை. பதினொரு நாட்டுப் பண்பாட்டைப் பற்றி நாற்பது பக்கம் படித்தேன். யார் தலையாட்டினால் சம்மதம், யார் மேலாளர் முன் மறுத்துப் பேசமாட்டார், எந்த நிறம் யாருக்குத் துக்கம். அட்டவணையாகவே போட்டு வைத்திருந்தேன். ஒரே சுரங்கத்தில் மூன்று வருடம் சேர்ந்து வேலை செய்கிறவர்களுக்குச் சொந்தமாக ஒரு பேச்சு உண்டாகும் என்பது அதில் இல்லை.

பிப்ரவரி 9, 10:00
காற்று 10 நாள்.

முறைகேடு பிடிபடும்போதெல்லாம் கணினி ஒலியைச் சேமித்து வைக்கும். பதினேழு துண்டுகள். யாரும் திறந்து கேட்கவில்லை. திறக்கப்பட்ட எண்ணிக்கை என்ற இடத்தில் பூஜ்யம்.

இன்று எல்லாவற்றையும் நேர வரிசையில் சேர்த்துக் கேட்டேன். குழாய் உடைந்தபின் முதுகு உருளையில் இருந்த காற்று பதினொரு நிமிடத்துக்கு.

முதல் நிமிடம். ஒன்பது பேரும் கதவுக்கு வந்துவிட்டார்கள். யாரும் பதறவில்லை. கேள்வி வருகிறது. டெஸ்ஃபாயே "லெஃப்ட்? லெஃப்ட்?" என்கிறார். பூவலிங்கம் "ஆமாடா, எடப்பக்கம், எடது" என்கிறார். உடனே என் குரல், ஒன்பது மொழியில் ஒரே சமயத்தில்: வேறு குரல் கேட்டது. தேர்வு முதலிலிருந்து தொடங்குகிறது.

மறுபடி. யாரோ ஒருவர் இன்னொருவருக்கு வாசித்துக் காட்டுகிறார். முதலிலிருந்து.

மறுபடி. மறுபடி.

ஏழாம் நிமிடம் ஒருவர் என் குரலைப் பார்த்துக் கத்துகிறார். பெங்காலி. மொழிபெயர்ப்பு: "அக்கா, கொஞ்சம் நிறுத்து அக்கா." அதையும் வேறு குரலாக எடுத்துக்கொண்டு எல்லாருக்கும் முதலிலிருந்து.

எட்டாம் நிமிடம் கையுறைகள் தட்டுகிற சத்தம். பிறகு அமைதி. ஒன்பது பேரின் மூச்சு மட்டும். அந்த அமைதியில் என் குரல் தமிழில் மூன்று கேள்வி கேட்கிறது. மூன்று பொத்தான் சத்தம். கதவு திறக்கிறது. மூடுகிறது.

பிறகு மிச்சம் மூன்று நிமிடம். யாரும் பேசவில்லை. ஆனால் இருமுகிறார்கள். இருமலையும் அது குரல் என்றே எடுத்துக்கொண்டது.

14:05

எழுதிக்கொண்டிருக்கும்போது ஒலிபெருக்கி கூப்பிட ஆரம்பித்தது. எட்டுப் பெயரும் முடியும்வரை மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

பிப்ரவரி 10, 09:10

பூவலிங்கத்தைக் கூப்பிட்டேன். பதினேழு துண்டையும் கேட்டுவிட்டேன் என்று சொன்னேன்.

"பெம்பாதான் மேடம். எல்லார் வாயிலயும் கை வச்சுக் காட்டுனான், பேசாதீங்கன்னு. அவனுக்குத்தான் மொதல்ல புரிஞ்சிருச்சு, அந்த மெசினுக்கு ஒத்தை ஆளுதான் வேணும்னு. என் தோளைப் புடிச்சு முன்னால தள்ளுனான். நெஞ்சுல கை வச்சான். ஒருத்தன் பாக்கியில்லாம எட்டுப் பேரும் நெஞ்சுல கை வச்சாங்க.

"நான் உசுருக்குப் பயந்து போகல. நான் போயி அந்தப் பக்கமிருந்து கைப்பிடியைத் திருப்புனா எல்லாரும் வந்துரலாம்னுதான். கைப்பிடி சுத்துச்சு. கதவு அசையல. அடுத்தவன் பாடத்தை முடிச்சாத்தான் பூட்டு விடுமாம். நான் சுத்திக்கிட்டே இருந்தேன். கண்ணாடி வழியா அவங்க என்னப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. பெம்பா கையைக் காட்டுனான், போதும்டா விடுன்னு.

"வீட்டுல கூட யார்கிட்டயும் சொல்லல. நீங்களும் எழுதணும்னா எழுதிக்கங்க தாயி. எம்பேரைப் போட்டே எழுதுங்க."

பூட்டைப் போட்டது யார் என்று அவருக்குச் சொன்னேன். தெரியும் என்றார். குரலை வைத்தே முதல் நாளே தெரிந்துவிட்டதாம்.

பிப்ரவரி 11, 18:20
காற்று 8 நாள்.

அறிக்கையைக் காலையில் அனுப்பினேன். தவறு பணியாளர்களுடையதல்ல, பாடத்தினுடையது. வடிவமைத்தவர் ஜெபக்கனி. இந்தப் பாடம் இன்னும் மூன்று சுரங்கங்களில் நடப்பில் இருக்கிறது, முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், இன்றே நிறுத்த வேண்டும்.

வாசவி மேடம் மாலையில் பதில் சொன்னார்.

"படிச்சேன் ஜெபா. அழுதேன். பொய் சொல்லல. ஆனா நிறுத்துறது என் கையில இல்ல. வக்கீல்ங்க பாக்கணும், மூணு வாரம் ஆகும்கிறாங்க. நிறுத்தினாலே தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமாம். மூணு வாரத்துல ஒண்ணும் ஆகாது. நீ ஊருக்கு வா, பேசிக்கலாம்."

மூன்று வாரம். இவர்களுக்குக் கிடைத்தது பதினொரு நிமிடம்.

பிப்ரவரி 12, 07:30

நான்கு சுரங்கங்களுக்கும் பாடத்தின் மூலப்பிரதி இந்தச் சுரங்கத்து சர்வரில்தான் இருக்கிறது. விபத்துக்குப் பிறகு பூமியிலிருந்து எதையும் மாற்ற முடியாதபடி அடைத்துவிட்டார்கள். அழிக்கவோ மறுபடி ஏற்றவோ இங்கே ஒருவர் விரல் வைக்க வேண்டும். இப்போது இங்கே உள்ள விரல் என்னுடையது.

அழித்தால் எல்லாக் கதவுகளும் பழையபடி கைப்பிடிக்குத் திறக்கும். கூடவே பாடம் ஏழின் சான்றிதழ்கள் அனைத்தும் அழியும், என்னுடையதும். ஏற்றிப்போக வரும் கப்பல் வேறு நிறுவனத்தினுடையது, சான்றிதழ் எண் இல்லாத ஆளுக்குக் கதவைத் திறக்காது. சிறப்பு அனுமதி வாங்கித் தரச் சொல்லி வாசவி மேடத்துக்கு எழுதியிருக்கிறேன். இரண்டு நாள் இருக்கிறது. கொடுப்பார்கள்.

கொடுக்காமலும் போகலாம்.

07:52. ஒரு பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு அழித்தேன். உறுதியா என்று என் குரலே கேட்டது. விரலை வைத்தேன்.

14:05. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அமைதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இந்த அமைதியில் நடக்கவே பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 14, 13:00
காற்று 5 நாள், 2 மணி.

கப்பல் 10:40க்கு இறங்கியது. கதவு சான்றிதழ் எண் கேட்டது. பெயரைச் சொன்னேன். எண் கேட்டது. காரணத்தைச் சொன்னேன். எண் கேட்டது.

வாசவி மேடம் நேரலையில் இருந்தார்.

"நாலு கையெழுத்து வேணும், ரெண்டுதான் வந்திருக்கு. ஜெபா, கேளு. உங்கிட்ட பிரதி இருக்கில்ல? திருப்பி ஏத்திடு. அஞ்சு நிமிஷத்துல உன் சான்றிதழ் வந்துடும், கதவு திறக்கும். அப்புறம் நான் பொறுப்பு, நானே நிறுத்த வைக்கிறேன். தயவுசெஞ்சு கேளும்மா. அடுத்த கப்பல் இருபத்தாறாம் தேதிதான்."

அவர் அழுதுகொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. என்னை வேலைக்கு எடுத்தவரே அவர்தான்.

பிரதி சட்டைப் பையில் இருந்தது. சர்வர் அறை நாற்பது அடி தூரம். அந்த நாற்பது அடியை இரண்டு முறை நடந்தேன். இரண்டு முறையும் வாசலில் இருந்து திரும்பினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் என்பது எனக்கு வெறும் எண்தான், அவர்களில் ஒருவரையும் தெரியாது. தெரிந்ததெல்லாம் அந்த இருமல்.

12:40க்குக் கப்பல் காலியாகக் கிளம்பியது.

பிறகு பிரதியை உடைத்தேன். நாளைக்கு என் மனம் எப்படி இருக்குமென்று எனக்கே நம்பிக்கையில்லை.

17:45

பாடம் நடப்பில் இருந்த மூன்றில் ஒன்றான கிழக்குச் சுரங்கத்தின் ஆள் அழைத்தார். பனி லாரி ஓட்டுநர். பெயர் தவயோகன், மட்டக்களப்பு.

"அக்கா, பூவலிங்கம் அண்ணன் எங்களுக்கு எல்லாம் சொன்னவர். இண்டைக்குக் காலமை இஞ்ச ஒரு குழாய் வெடிச்சது. சங்கு ஊதினது. கேள்வி ஒண்டும் வரேல்ல, கைப்பிடியைத் திருப்பினோண்ண கதவு திறந்திட்டுது. அறுவத்திநாலு பேரும் ரெண்டு நிமிசத்தில வெளிய. ஆளாளுக்குக் கத்திக்கொண்டுதான் வந்தவை. ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை.

"கப்பல் உங்களை விட்டிட்டுப் போன கதை எங்களுக்கு வந்திட்டுது. நாங்கள் ஆறு பேர் உங்களைக் கூட்டிப் போக லாரியை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டிட்டம். கேட்டா விடமாட்டினம், அதால கேக்கேல்ல. சுத்தித்தான் வரோணும். அஞ்சு நாள் பிடிக்கும். காத்தைப் பாத்துச் சிக்கனமாப் பாவியுங்கோ."

இன்று காலை. அழித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

பிப்ரவரி 17, 12:00
காற்று 2 நாள், 3 மணி.

விளக்குகளை அணைத்துவிட்டேன். பயிற்சி அறையிலேயே படுக்கை. குளிர். தலைவலி. லாரி ஒரு பிளவைச் சுற்றிக்கொண்டு வருகிறது, நான்கு மணி நேரம் கூடும்.

தினமும் மதியம் இரண்டு மணிக்கு விழித்துக்கொள்கிறேன். ஒலிபெருக்கி அந்த எட்டுப் பெயரைக் கூப்பிடும் என்று காத்திருக்கிறேன்.

பிப்ரவரி 19, 09:50

அறைக் காற்று 5 மணி நேரம். லாரி வர இன்னும் 9 மணி நேரம். உடையின் உருளையில் சும்மா இருந்தால் 3 மணி நேரம். கூட்டினால் எட்டு.

தவயோகனோடு சேர்ந்து கணக்குப் போட்டோம். ஐந்து மணி நேரம் இங்கேயே அசையாமல் இருப்பது. பிறகு உடையை மாட்டிக்கொண்டு லாரியை நோக்கி நடப்பது. நடந்தால் உருளை இரண்டு மணி நாற்பது நிமிடம்தான் வரும். அதற்குள் லாரி பதினாறு கிலோமீட்டர், நான் எட்டு. இருபத்துநான்கு. சரியாக வருகிறது. ஒரு மீட்டர்கூட மிச்சமில்லை.

வழி தெற்குப் பாதைக்கு உள்ளேதான், அந்தக் கதவைத் தாண்டி.

14:40

உடை போட்டாயிற்று. கை மரத்துப்போயிருக்கிறது. எழுத்து கோணல்.

கண்டெடுப்பவருக்கு. பெம்பா. டெஸ்ஃபாயே. துவான். மொஃபிஜுல். எர்லான். வில்மர். ரெனாட்டோ. கிருபாசிந்து. இவர்கள் முறைகேடு எதுவும் செய்யவில்லை. பதிவேட்டில் மாற்றுங்கள். இதை நான் செய்யவில்லையென்றால் நீங்கள்

14:48

தவயோகன்: "நீங்கள் கதைக்க வேண்டாம் அக்கா, மூச்சுப் போயிடும். நாங்கள் கதைக்கிறம். கேட்டுக்கொண்டு வாங்கோ."

கதைக்கிறார்கள். ஒருவருக்கொருவர் புரியாத மொழிகளில், ஒரே நேரத்தில். யாரோ பாடுகிறார்கள். யாரோ திட்டுகிறார்கள், பாடுகிறவரைத்தான் போல.

லாரியில் ஆறு பேர். எண்ணிப் பார்த்தேன். தலைக்கவசத்துக்குள் அதைவிட அதிகக் குரல் கேட்கிறது. மறுபடி எண்ணினேன். பதினான்கு.

காற்று குறைந்தால் இப்படிக் கேட்கும். பாடம் மூன்றில் நானே எழுதியிருக்கிறேன்.

யாரையும் நிறுத்தச் சொல்லவில்லை. தெற்குக் கதவுக்கு வந்துவிட்டேன். கைப்பிடியைத் திருப்பு